நடுவில் நாற்காலி போட்டால் மறந்த இசை திரும்பி வருமா?

ஏப்ரல் 3, 2025, காலை (கேள்வி)

போன மாசம் ராஜா சார் லண்டன்ல சிம்பொனி போட்டதுக்கு அப்புறம்தான் மேற்கத்திய கிளாசிக்கல் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சேன். நியூயார்க்ல எக்ஸ்பீரியன்ஷியல் ஆர்க்கெஸ்ட்ரான்னு ஒரு குழு இருக்காம். வாத்தியக்காரங்க நடுவுலயே ரசிகர்களை உட்கார வைக்கிறாங்க. ஸ்ட்ராவின்ஸ்கியோட இசையை வாசிச்சா எழுந்து ஆடச் சொல்றாங்க. கூடவே, யாரும் வாசிக்காத பழைய இசையமைப்பாளர்களைத் தேடிப் பிடிச்சு வாசிக்கிறாங்க. எனக்கு ரெண்டுமே விளம்பர உத்தி மாதிரிதான் படுது. நல்ல இசைன்னா ஏன் மறக்கப்படணும்? நூறு வருஷமா ஒருத்தரும் தொடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்தானே? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏப்ரல் 3, இரவு (பதில்)

தம்பி, காரணம் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அது இசைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில்தான் சண்டை.

எதெல் ஸ்மைத் என்று ஒரு அம்மா, இசையமைப்பாளர். 1858-ல் இங்கிலாந்தில் ராணுவ ஜெனரல் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். இசை படிக்கப் போகக்கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். மகள் அவருக்கும் மேலே அடம்பிடித்து 1877-ல் ஜெர்மனியில் லைப்சிக் போய்ச் சேர்ந்தார். பிராம்ஸ், கிளாரா ஷூமான், கிரீக் என்று அன்றைய இசைப் பெரும்புள்ளிகள் எல்லோரையும் அங்கே நேரில் பழகித் தெரிந்துகொண்டார். சைக்கோவ்ஸ்கி இவரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது இவருடைய நாயையும் விடாமல் சேர்த்து எழுதியிருக்கிறார். 1903-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இவருடைய 'டெர் வால்ட்' என்ற ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) மேடையேறியது. அதே மேடையில் பெண் ஒருவர் எழுதிய அடுத்த ஓபரா எப்போது வந்தது தெரியுமா? 2016-ல், கையா சாரியாஹோ எழுதியது. நடுவில் 113 வருஷம். அத்தனை வருஷமும் உலகத்தில் ஒரு பெண்ணும் உருப்படியாக ஓபரா எழுதவில்லை என்று நீங்கள் வாதாடத் தயாரென்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

மற்றவை நாளை. இங்கே மணி பன்னிரண்டு.

ஏப்ரல் 4

நேற்றைய என் குறிப்புக்குக் கீழே ஒருவர், "ஸ்மைத் ஜெயிலில் உட்கார்ந்து எழுதியதுதானே 'தி பிரிசன்'?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. ரொம்பப் பேர் அவருடைய ஜெயில் வாசத்தையும் இந்தப் படைப்பையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

அவர் ஜெயிலுக்குப் போனது 1912-ல். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட போராட்டத்தில் ஒரு மந்திரி வீட்டு ஜன்னலைக் கல்லால் அடித்தார், ஹாலோவே சிறையில் தள்ளினார்கள். அங்கே அவரைப் பார்க்கப் போன கண்டக்டர் (ஆர்க்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்துகிறவர்) தாமஸ் பீச்சம் சொன்ன கதை பிரசித்தம். கீழே முற்றத்தில் கைதிப் பெண்கள் ஸ்மைத்தின் 'பெண்களின் அணிவகுப்பு' பாட்டைப் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். மேலே ஜன்னல் வழியாக இவர் பல் துலக்கும் பிரஷ்ஷை ஆட்டி ஆட்டி அவர்களை கண்டக்ட் பண்ணிக்கொண்டிருக்கிறார். பீச்சம் கொஞ்சம் உப்பு காரம் தூக்கலாகவே கதை சொல்கிற ஆசாமி, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'தி பிரிசன்' எழுதி முடித்தது 1930-ல். 1931 பிப்ரவரியில் எடின்பரோவில் ஸ்மைத்தே நின்று நடத்தினார். வயது 72. காது ஏறக்குறைய போயிருந்தது. மறுநாள் மரண தண்டனைக்குப் போகிற ஒரு நிரபராதி, தனிச்சிறையில் தன் ஆன்மாவோடு பேசுகிறான். அவ்வளவுதான் கதை. கைதிக்கு பேஸ்-பாரிட்டோன் என்கிற கனத்த ஆண் குரல், ஆன்மாவுக்கு சோப்ரானோ என்கிற உச்சப் பெண் குரல், கூடவே கோரஸ், முழு ஆர்க்கெஸ்ட்ரா. உரை ஹென்றி பிரூஸ்டர் எழுதியது. ஸ்மைத்தின் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமான மனிதர், 1908-லேயே இறந்துவிட்டார். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேலான பிறகு, அவர் எழுத்தை எடுத்துவைத்து, காது கேட்காத நிலையில், தன் கடைசிப் பெரிய படைப்பாக இதை எழுதினார். 1944-ல் அவரும் இறந்தார்.

முதல் ஒலிப்பதிவு 2020 ஆகஸ்டில் வெளியானது. செய்தது தம்பி சொன்ன அதே எக்ஸ்பீரியன்ஷியல் ஆர்க்கெஸ்ட்ரா. கண்டக்டர் ஜேம்ஸ் பிளாச்லி, பாடியது டாஷான் பர்ட்டனும் சாரா பிரெய்லியும். 2021 மார்ச்சில் அதற்கு கிராமி கிடைத்தது.

ஏப்ரல் 5

"நல்ல இசைன்னா எப்படியாவது வெளியே வந்துரும் சார்." இன்று காலை வந்த பதில். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கோடம்பாக்கத்தில் செகண்ட் வயலின் வாசித்துப் பிழைத்தவன். ஸ்டுடியோவில் ஸ்கோர் வந்ததும், அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸை யாராவது தனித்தனியாகப் பிரித்து எழுதியாக வேண்டும். எங்களுக்கு அப்படி எழுதித் தந்த ஒரு பெரியவர் இருந்தார். மூலையில் மடக்கு மேஜை, மேலே ட்யூப்லைட், கையில் பட்டை நிப் பேனா. நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லோருடைய ஸ்டாண்டிலும் பேப்பர் இருக்கும். அவர் எழுத்தில் ஃபிளாட் குறி (சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்வது) கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அதை வைத்தே அவர் எழுதியது என்று சொல்லிவிடலாம். டேக் ஓகே ஆனதும் அந்தப் பேப்பரெல்லாம் ஒரு மூலையில் குவியும். ராத்திரி கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். பாட்டு டேப்பில் பிழைத்துக்கொண்டது, நோட்ஸ் போனது போனதுதான்.

இங்கே மட்டுமில்லை. ஹாலிவுட்டில் எம்ஜிஎம் படக் கம்பெனி தன் இசைப்படங்களின் ஸ்கோர், பார்ட் எல்லாவற்றையும் இடத்தை அடைக்கிறது என்று மண்ணுக்கடியில் கொட்டி மூடியது. பிறகு இங்கிலாந்தில் ஜான் வில்சன் என்ற கண்டக்டர் அந்தப் படங்களைக் காதால் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியமாகத் திருப்பி எழுதித்தான் மேடையில் வாசித்தார். டேப் இருந்ததால் அது முடிந்தது. 1931-ல் எடின்பரோவில் வாசித்ததற்கு என்ன டேப் இருக்கிறது?

ஒரு சிம்பொனி என்பது கடைசியில் ஒரு கட்டுக் காகிதம். அந்தக் கட்டு ஒழுங்காக இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த இசையும் ஒலிக்காது. தேடிக் கண்டுபிடித்தல், புதுச் சூழல் என்று அந்தக் குழுவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் சரி. அவர்கள் செய்த பெரிய வேலை, என் கணக்கில், உட்கார்ந்து நோட்ஸ் சரிபார்த்ததுதான். 'பிரிசன்' பதிப்பைத் திருத்தித் தயார் செய்தவரும் அதே பிளாச்லிதான். கண்டக்டர் குச்சியைத் தொடுவதற்கு முன்னால் எத்தனை ராத்திரி அழிரப்பரோடு உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 5, மாலை

"அழிரப்பரா? அவர் கம்ப்யூட்டர்ல பண்ணியிருப்பார் தாத்தா."

சரிடா பேராண்டி, டெலீட் கீ.

ஏப்ரல் 7

"கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா முடிஞ்சுதே, யார் வேணா வாசிக்கலாமே" என்கிறார் கோவை நண்பர். ஐடி ஆள் என்று நினைக்கிறேன்.

ஸ்கோர் வேறு, பார்ட் வேறு சார். ஸ்கோர் என்பது எல்லா வாத்தியமும் அடுக்கடுக்காக ஒரே பக்கத்தில் இருப்பது, கண்டக்டருக்கு. வாசிக்கிறவனுக்கு அவனுடைய வரி மட்டும் இருக்கிற பார்ட் வேண்டும். வயலின், செல்லோ ஆட்களுக்கு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். முதல் வயலினில் 14 பேர் என்றால் அங்கேயே ஏழு பிரதி. பக்கம் திருப்புகிற இடத்தில் ஒரு பார் (தாளக் கட்டம்) ஆவது ஓய்வு வருகிற மாதிரி பிரிக்க வேண்டும். உள்பக்கம் உட்கார்ந்தவர் திருப்புவார், வெளிப்பக்கத்து ஆள் விடாமல் வாசிப்பார். கிளாரினெட், ஹார்ன், டிரம்பெட்டுக்கு சுருதி மாற்றி எழுத வேண்டும். ஸ்கோரில் ஓர் இடத்தில் ஷார்ப் குறி (சுரத்தை அரைப்படி ஏற்றச் சொல்வது) விட்டுப்போயிருந்தால் அது இசையமைப்பாளர் வேண்டுமென்றே செய்ததா, கை தவறியதா? அவர் உயிரோடு இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். ரிகர்சலில் அறுபது பேர் வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பார் 47-ல் எங்களுக்கு சி நேச்சுரல், வயோலாவுக்கு சி ஷார்ப், எது சரி?" என்று காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆள் ஆளுக்கு வாடகைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று: உரிமை யாரிடம்?

ஜூலியா பெர்ரி என்று ஒருவர். 1924-ல் கென்டக்கியில் பிறந்த கறுப்பினப் பெண். இத்தாலியில் தல்லாபிக்கோலாவிடமும் பாரிஸில் நாதியா பூலான்ஷேயிடமும் படித்தவர். இரண்டு முறை குகன்ஹைம் உதவித்தொகை. 12 சிம்பொனி எழுதியிருக்கிறார். 1965-ல் நியூயார்க் பில்ஹார்மோனிக் அவருடைய சிறு படைப்பு ஒன்றை வாசித்திருக்கிறது. பிறகு பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டு மேலே எழுதினார். 1979-ல் ஒஹாயோவில் அக்ரன் நகரத்தில் இறந்தார். பிரசுரமாகாத பிரதிகள், வாசிக்கக் கஷ்டமான கையெழுத்து, அனுமதி யாரிடம் வாங்குவது என்ற சிக்கல். வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) 1960-களில் எழுதினார். அது முதன்முதலாக மேடையேறியபோது அவர் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2024-ல், அவருடைய நூற்றாண்டு வருஷத்தில், எக்ஸ்பீரியன்ஷியல் ஆர்க்கெஸ்ட்ரா வெளியிட்ட பதிவில் கர்ட்டிஸ் ஸ்டூவர்ட் அதை வாசித்திருக்கிறார்.

ஸ்கேன் பண்ணிப் போட்டால் முடியாது, புரிகிறதா?

ஏப்ரல் 8

ஐடி ஆள் இல்லையாம். வங்கியாம். வணக்கம் சார்.

ஏப்ரல் 11

நடுவில் நாற்காலி போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். தம்பி இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்.

ஸ்ட்ராவின்ஸ்கிக்கு ஆடுவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவருடைய 'வசந்தச் சடங்கு' ஒரு பாலே. 1913-ல் பாரிஸில் ஆடுவதற்கென்றே எழுதியது. அதற்கு ஆடாமல் கைகட்டி உட்கார்ந்திருப்பதுதான் பிற்காலப் பழக்கம். லண்டன் பெக்கமில் மல்டி-ஸ்டோரி ஆர்க்கெஸ்ட்ரா 2011-ல் அடுக்குமாடி கார் பார்க்கிங்கில் தொடங்கியதும் இதே இசையோடுதான். பக்கத்தில் ரயில் ஓடும், அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். புடாபெஸ்ட்டில் இவான் ஃபிஷர் தன் ஆட்களுக்கு நடுவே பீன் பேக் போட்டு ரசிகர்களை உட்கார வைக்கிறார். ஆக, இது ஊர் ஊராக நடக்கிற காரியம்.

நடுவில் உட்கார்ந்து கேட்பதில் ஒரு வாத்தியக்காரனாக எனக்கு ஆட்சேபம் இருந்தது. உள்ளேயிருந்து கேட்டால் பேலன்ஸ் மொத்தமும் தப்பாகக் கேட்கும். என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முதல் வயலின் மூச்சு விடுவதுகூடக் கேட்கும், எதிர்ப்பக்கத்து செல்லோ மங்கலாகத்தான் வரும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், சுவரில் பட்டுத் திரும்பித்தான் நமக்கு வரும், அதனால் அரை நொடி தூங்கிவிட்டு வருகிற மாதிரி இருக்கும். டிம்பனி முரசு கேட்காது, நாற்காலிக் காலில் ஏறும். இசையமைப்பாளர் கணக்குப் போட்டு வைத்த கலவை அரங்கத்தின் நடு வரிசையில்தான் சேர்கிறது. சமையல்கட்டில் நின்றுகொண்டு விருந்து சாப்பிடுகிற கதை.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். இங்கே நியூஜெர்சியில் மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகு உள்ளூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் வாசிக்கிறேன். எல்லோரும் என்னைப் போல ரிட்டயர்டு, இல்லையென்றால் பள்ளிக்கூட டீச்சர். ஒரு திறந்த ரிகர்சலுக்கு ஸ்டாண்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டோம். முதலில் மொசார்ட். எல்லோரும் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அடுத்தது கோல்ரிட்ஜ்-டெய்லர் பெர்கின்சன் என்ற கறுப்பின அமெரிக்க இசையமைப்பாளரின் முதல் சின்ஃபோனியெட்டா, அதாவது குட்டி சிம்பொனி. தந்தி வாத்தியங்களுக்கு மட்டுமான மூன்று பகுதி, 1950-களின் நடுவில், அவர் இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் எழுதியது. அந்த அறையில் வெளியாள் ஒருவருக்கும் அது தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வில்லைத் தூக்கினால் அவர் தோள் லேசாக ஏறும். மெதுவான நடுப்பகுதியில் வயோலாக்கள் உள்ளே வரப்போகிற ஒரு கணம் முன்னால் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒலி வருவதற்கு முன்னால்! வயோலாக்காரர்கள் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்ததை அவர் பார்த்துவிட்டார். தெரிந்த இசைக்கு நினைவு வழிகாட்டும். தெரியாத இசைக்கு என்ன வழிகாட்டும்? அரங்கத்தின் இருட்டில் உட்கார்ந்தவருக்கு நிகழ்ச்சிநிரலில் ஒரு பத்தி மட்டும்தான். நடுவில் உட்கார்ந்தவருக்கு அறுபது ஜோடிக் கைகள் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கின்றன. பேலன்ஸ் தப்புதான். ஆனால் எங்கே போகிறது என்று தொலையாமல் பின்தொடர முடிகிறது.

ஆக தம்பி, பீத்தோவனுக்கு நடுவில் நாற்காலி போட்டால் அதை உத்தி என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். ஒருவருக்கும் தெரியாத இசைக்குப் போட்டால் அதற்கு உபயோகம் இருக்கிறது.

மூன்றாம் பகுதி அலெக்ரோ ஃபுரியோசோ. அதை நாங்கள் வாசித்த அழகைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஏப்ரல் 12

விட்டுப்போனது ஒன்று. அந்த சின்ஃபோனியெட்டா பார்ட் வாடகைக்கு வந்தபோது புத்தம் புதிதாக இருந்தது. இசைக்காரர் அல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தெரியும். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிராம்ஸ் பார்ட் வாடகைக்கு எடுத்தால் நமக்கு முன்னால் வாசித்த ஐம்பது பேருடைய பென்சில் குறி அதில் இருக்கும். இங்கே வில் மேலே, இங்கே கீழே, இந்த விரல், "கண்டக்டரைப் பார்!" என்று மூக்குக்கண்ணாடி படம், ஒரு பக்கத்தில் பூனை. அவ்வளவு பேர் விழுந்து எழுந்த இடம் நமக்கு வரைபடமாகக் கிடைக்கும். புது பார்ட்டில் ஒரு குறி கிடையாது. எல்லா வில் திசையும் நாமே முடிவு செய்ய வேண்டும், எல்லாத் தப்பும் நாமே முதலில் செய்ய வேண்டும். சம்பளத்துக்கு வாசிக்கிற பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ரிகர்சல் நேரம் பணம். பிராம்ஸை இரண்டு ரிகர்சலில் மேடையேற்றிவிடுவார்கள், இதற்கு நாலு வேண்டும். நிர்வாகம் எதைத் தேர்ந்தெடுக்கும்? வாசிக்காததால் குறி இல்லை, குறி இல்லாததால் வாசிப்பதில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். மாங்காய்ப் பச்சடி ஆயிற்று, வேப்பம்பூ இந்த ஊரில் கிடைக்காது.

"பெர்கின்சன் பேருக்கு முன்னால் கோல்ரிட்ஜ்-டெய்லர் என்ன?" என்று கேட்டிருந்தார் ஒரு அக்கா. அம்மா வைத்த பெயர் அக்கா. 1932-ல் பிறந்த பிள்ளைக்கு, அதற்கு இருபது வருஷம் முன்பே இறந்துபோன ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் பெயர். பிள்ளை பிழைக்கத் தெரிந்தவர். டிரம்மர் மாக்ஸ் ரோச்சோடு ஜாஸ் வாசித்தார், பாடகர் மார்வின் கேயுக்கு இசைக்கோர்ப்பு செய்தார், 1965-ல் நியூயார்க்கில் எல்லா நிறத்தவரும் சேர்ந்து வாசித்த 'சிம்பொனி ஆஃப் தி நியூ வேர்ல்ட்' தொடங்கியவர்களில் ஒருவர். 2004-ல் இறந்தார்.

பெயர் தந்த சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் கதை நம் வாதத்தை வேறு பக்கம் இழுக்கிறது. அப்பா சியரா லியோன்காரர், அம்மா இங்கிலீஷ்காரர், லண்டனை ஒட்டிய கிராய்டனில் வளர்ந்தார். 1898-ல், 23 வயதில், 'ஹியாவதாவின் திருமண விருந்து' எழுதினார், செவ்விந்திய வீரன் ஒருவனின் கதையைச் சொல்லும் கோரஸ் படைப்பு. இங்கிலாந்து முழுக்க அதைப் பாடாத கோரஸ் இல்லை. பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்கு வந்தது? 15 கினி (பழைய இங்கிலீஷ் பணம்). உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார், அதோடு சரி. 1912-ல் நிமோனியாவில் போகும்போது வயது 37. அவர் குடும்பம் பட்ட பாடு ஊரெல்லாம் பேச்சாகி, இரண்டு வருஷத்தில் இங்கிலாந்தில் இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம் உருவானதற்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பார்கள்.

நான் சொல்லவந்தது வேறு. 1924-லிருந்து 1939 வரை லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்த ஹியாவதா ஏறக்குறைய வருஷா வருஷம் நடந்தது. வெறும் கச்சேரியாக இல்லை. நூற்றுக்கணக்கான பாடகர்கள் செவ்விந்தியர் வேஷம் கட்டி, தலையில் இறகு செருகி, காட்டு செட் போட்டு, திருவிழாவாக நடத்தினார்கள். அந்தக் காலத்துப் 'புதுச் சூழல்' அது. கூட்டம் அலைமோதியது. போர் வந்தது, நின்றது. அதற்குப் பிறகு அந்த வேஷத்தைப் பார்க்கிற கண் மாறிவிட்டது. இசையை வேஷத்திலிருந்து பிரித்தெடுக்க யாரும் மெனக்கெடவில்லை. இரண்டும் சேர்ந்தே மூட்டை கட்டப்பட்டன.

ஆக, யாருமே கேட்காததால் மட்டும் ஓர் இசை மறையவில்லை. ஊரே கேட்டதும் மறைந்திருக்கிறது. 11-ம் தேதி நான் எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். புது இடத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த இசை அந்த இடத்தை விட்டு வெளியேயும் நடமாட வேண்டும். கார் பார்க்கிங்கில் மட்டும் வாசிக்கிற இசை, கார் பார்க்கிங் சலித்ததும் சேர்ந்தே சலித்துவிடும். டபுள் பேஸ் கலைஞர் சி-சி நுவனோகு 2015-ல் லண்டனில் தொடங்கிய சினெக்கே ஆர்க்கெஸ்ட்ராவை எனக்குப் பிடிக்கக் காரணம் இதுதான். கறுப்பின, பிற சிறுபான்மை இனக் கலைஞர்கள் பெரும்பான்மையாக இருக்கிற குழு. கோல்ரிட்ஜ்-டெய்லரை வேஷம் எதுவும் இல்லாமல் சாதாரண அரங்கத்தில் டுவோர்ஷாக்குக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்கள். சில இசைக்குச் சாதாரண அரங்கம்தான் புதுச் சூழல்.

ஏப்ரல் 16

"நம்ம ஊர்ல மறந்துபோன வாக்கேயகாரர்களை (பாட்டும் எழுதி மெட்டும் போட்டவங்களை) பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க" என்று ஒரு காட்டமான பதில். பேசலாம், தனி இழை திறங்கள், வருகிறேன். இங்கே கலக்க வேண்டாம், ஏனென்றால் நோய் வேறு. நமக்கு ஒரு சிஷ்யன் பாடாந்தரத்தை (குரு பாடிக் காட்டிய முறையை) பிடித்துக்கொண்டிருந்தால் கீர்த்தனை பிழைத்துவிடும். பேப்பரே வேண்டாம். அந்த ஒரு சிஷ்யன் போனால் நோட்டேஷன் இருந்தும் பாதி உயிர்தான். மேற்கத்திய இசையில் நேர் எதிர். சிஷ்யனே இல்லாமல் எழுபது வருஷம் பெட்டியில் கிடந்தாலும் பேப்பர் ஒழுங்காக இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அதற்குச் சாட்சி ஃபுளோரன்ஸ் பிரைஸ். 1933-ல் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. பெரிய அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று கறுப்பினப் பெண்ணின் சிம்பொனியை வாசித்தது அதுதான் முதல்முறை. 1953-ல் இறந்தார். 2009-ல் இல்லினாய் மாநிலத்தில் செயின்ட் ஆன் என்ற சிற்றூரில் பாழடைந்த வீடு ஒன்றை வாங்கிப் பழுதுபார்க்கப் போனவர்கள் உள்ளே கட்டுக்கட்டாகக் காகிதம் பார்த்தார்கள். பிரைஸ் கோடைக்குத் தங்கிய வீடு அது. நாலாவது சிம்பொனி, இரண்டு வயலின் கான்செர்ட்டோ எல்லாம் அதில் இருந்தன. கூரை ஓட்டை. அந்தக் காகிதம் இருந்த மூலையில் மழை இறங்கியிருந்தால்?

அந்த நாலாவது சிம்பொனியை 2018-ல் முதலில் மேடையேற்றியது நியூயார்க்கோ பிலடெல்ஃபியாவோ இல்லை. அவர் பிறந்த ஆர்கன்சா மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரின் ஆர்க்கெஸ்ட்ரா. பெரியவர்கள் பின்னால் வந்தார்கள், கிராமியும் வாங்கினார்கள். நல்லது.

ஏப்ரல் 21

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தியில், "சார், அப்ப மறந்தது எல்லாமே நல்ல இசைதானா?" என்று மடக்குகிறார். இல்லவே இல்லை. பெரும்பகுதி சுமார். மறக்கப்படாததிலும் பெரும்பகுதி சுமார்தான், அதை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை? ஹைடனின் நூற்றுச் சொச்சம் சிம்பொனியில் எல்லாமே ரத்தினமா? சுமாரானதும் பேப்பரோடு, பார்ட்டோடு, பென்சில் குறியோடு அலமாரியில் தயாராக இருக்கிறது. அதனால் வாசிக்கிறார்கள்.

'பிரிசன்' பற்றியே சொல்கிறேன். முதல் அரைமணி எனக்குக் கொஞ்சம் இழுவை. கைதி தத்துவம் பேசிக்கொண்டே இருக்கிறான், பிரூஸ்டரின் உரை அப்படி. ஆனால் இரண்டாம் பாதியில், கடைசிப் பக்கம், ராணுவத்தில் இறந்தவர்களுக்கு ஊதுகிற 'லாஸ்ட் போஸ்ட்' பியூகிள் மெட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளிருந்து வருகிறதே, அங்கே ஜெனரலின் மகள் எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. சின்ன வயதில் அந்த பியூகிளை எவ்வளவு கேட்டிருப்பார்! இப்போது காது அடைத்த பிறகு நினைவிலிருந்து எடுத்து எழுதுகிறார். அந்த இடத்துக்காக முன்னால் வந்த தத்துவத்தை மன்னிக்கலாம்.

எனக்கு இருக்கிற பயம் வேறொன்று. இங்கே பிப்ரவரி வந்தால் கறுப்பின வரலாற்று மாதம், மார்ச் வந்தால் பெண்கள் வரலாற்று மாதம். பிரைஸும் பெர்ரியும் ஸ்மைத்தும் அந்த இரண்டு மாதத்தில் ஊரெல்லாம் ஒலிப்பார்கள். ஏப்ரலில் மறுபடி பிராம்ஸ். எங்கள் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவிலும் இதே கதைதான், பெர்கின்சனை நாங்கள் எடுத்தது எந்த மாதம் என்று நினைக்கிறீர்கள்? அக்டோபரில் வைக்கலாமே என்றேன். "அக்டோபருக்கு டுவோர்ஷாக் முடிவாகிவிட்டது" என்றார்கள். ஹியாவதாவின் இறகுத் தொப்பி இப்போது காலண்டராக வந்திருக்கிறது.

முதல் கச்சேரிக்கு நிதி கிடைக்கும், செய்தி வரும். இரண்டாவது கச்சேரிக்கு ஒன்றும் வராது. இரண்டாவது, மூன்றாவது, வேறு ஊரில், வேறு கண்டக்டர், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அப்படி வாசிக்கப்பட்டால்தான் அந்த இசை பிழைத்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். ஸ்மைத்துக்கு அது கொஞ்சம் நடக்கிறது. அவருடைய 'தி ரெக்கர்ஸ்' ஓபராவை 2022-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழா பெரிய அளவில் மேடையேற்றியது. ஜூலியா பெர்ரிக்கு இன்னும் நேரமாகும். 12 சிம்பொனியில் எத்தனைக்கு ஒழுங்கான பார்ட் வருகிறது என்று பார்ப்போம்.

ஏப்ரல் 22

"தாத்தா சொன்னதால அந்த பியூகிள் இடத்தை மட்டும் தேடிக் கேட்டேன், ஒண்ணும் தோணல."

அதை மட்டும் கேட்டால் தோன்றாது ராசா. ஒரு மணி நேரம் உட்கார்.

மே 2

எங்கே தொடங்குவது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்மைத்தில் தொடங்க வேண்டாம், நீளம். பெர்கின்சனின் 'லூசியானா ப்ளூஸ் ஸ்ட்ரட்' தனி வயலினுக்கு எழுதியது, சில நிமிஷம்தான், காலையில் பஸ்ஸில் கேட்கலாம். பிடித்தால் முதல் சின்ஃபோனியெட்டா, நடுப்பகுதியை ராத்திரியில். பிறகு பெர்ரியின் 'ஸ்டாபாத் மாத்தெர்', 1951-ல் எழுதியது, தந்திக் குழுவும் ஒரு பெண் குரலும். வயலின் கான்செர்ட்டோ அதற்கப்புறம், அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிரைஸின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஜூபா நடனம், அதற்குக் கால் தானாக ஆடும். ஆட அனுமதி கேட்க வேண்டாம். கடைசியில் 'பிரிசன்', ஹெட்ஃபோனில், பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

எங்கள் குழுவில் அடுத்த சீசனுக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். நான் நவம்பர் கட்டத்தில் பிரைஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ட் வாடகை எவ்வளவு என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார் செயலர். பதில் வரவில்லை, நாளை மறுபடி போன் பண்ண வேண்டும்.